திண்டுக்கல் மலையடியில் தூரிகையோடு ஒரு நாள்



திண்டுக்கல் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? பூட்டு என்பார் சிலர். பிரியாணி என்பார் பலர். மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே பேருந்தில் போகும்போது, ஜன்னல் வழியே அந்தப் பெரும்பாறையை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் கண்ணயர்ந்து போவோரே நம்மில் அதிகம். அடுத்த முறை அப்படிப் போய்விடாதீர்கள். ஒரு நாள் அவ்வூரில் இறங்குங்கள். கையில் ஒரு வரைதாள் புத்தகமும், பென்சிலும், சிறிய வண்ணப்பெட்டியும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளில் யாருக்கேனும் படம் வரையும் ஆசை இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

திறந்தவெளியில் அமர்ந்து, கண்முன் இருப்பதை அங்கேயே வரைந்து வண்ணம் தீட்டும் பழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பத்திரிகை ஓவியராக இருந்த காப்ரியேல் காம்பனாரியோ 2007ஆம் ஆண்டில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்னும் இயக்கம் பல நாடுகளில் கிளைத்திருக்கிறது. அவர்களுடைய நெறி எளியது. புகைப்படத்தைப் பார்த்து வரையாதே. இடத்துக்கே போய், பார்த்ததை உண்மையாக வரை. தனியாகப் போகாமல் கூடிப் போ. தமிழகத்தின் பெருநகரங்களிலும் விடுமுறை நாள்களில் ஓவியர்கள் இவ்வாறு கூடி வரைகிறார்கள். இதற்குச் சங்கம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், சந்தா வேண்டாம். பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர், விளம்பரப் பலகை எழுதுபவர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர் என நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு உருவாகிவிடும்.

வரையலாமா என்ற வினா

நம் இல்லங்களில் ஒரு தயக்கம் உண்டு. படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, "இது நமக்கு ஆகுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்த வினா மதிக்கத்தக்கதே. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அதை அவர்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால் மலையும் மரமும் நீரும் கட்டடமும் வரைவதில் வழி திறந்தே இருக்கிறது. படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது.

இந்த வழியில் நடந்த முன்னோர் நமக்கு உண்டு. உதுமானியப் பேரரசர் சுலைமான் 1533 முதல் 1536 வரை ஈராக், ஈரான் பகுதிகளில் படைநடத்திச் சென்றபோது, உடன் சென்ற மத்ராக்சி நஸூஹ் வழிநெடுகிலும் இருந்த நகரங்களை ஓவியமாக்கினார். மாளிகைகள், பள்ளிவாசல்கள், ஆறுகள், பாலங்கள், தோட்டங்கள் எல்லாம் அவற்றில் இருக்கும்; மனித உருவம் இருக்காது. ஜஹாங்கீர் பாதுஷா 1620ஆம் ஆண்டில் காஷ்மீர் சென்றபோது, அங்குள்ள மலர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை உஸ்தாத் மன்ஸூர் வரைந்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பாட்னாவைச் சேர்ந்த ஷைக் ஜைனுத்தீன் 1777ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள், கல்கத்தா தலைமை நீதிபதியின் மனைவியான மேரி இம்பேயின் தோட்டத்துக்காக, இங்கிலாந்துக் காகிதத்தில் நீர்வண்ணம் கொண்டு பறவைகளையும் செடிகளையும் தீட்டினார். அவருடைய செடியின் ஒரே இலையில் பச்சை எத்தனை விதமாக மாறுகிறது என்று பார்ப்பவர்கள் இன்றும் வியக்கிறார்கள்.

மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்பதைப் பார்க்க வேண்டாமா என்று அல்குர்ஆனின் 88ஆம் அத்தியாயம் நம்மைக் கேட்கிறது. பென்சில் கையில் இருப்பவன் அந்த மலையை ஒரு நாழிகையாவது உற்றுப் பார்த்தே தீர வேண்டும். பார்க்காமல் வரைய முடியாதல்லவா?

பாறையும் பேகம்பூரும்

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள். திண்டு போன்ற கல் என்பதால் திண்டுக்கல் ஆயிற்று என்பார்கள். மலைக்கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பாறையில் வெட்டிய படிகளில் ஏறலாம். ஆனால் வரைய வந்தவர்களுக்கு என் யோசனை வேறு. முதலில் ஏறாதீர்கள். அடிவாரத்தில், முழுப் பாறையும் கண்ணில் அடங்கும் தொலைவில் ஒரு நிழலைத் தேடி உட்காருங்கள்.

அந்தப் பாறையின் நிறம் என்ன? சாம்பல் என்று உடனே சொல்வீர்கள். ஐந்து நிமிடம் பார்த்த பிறகு சொல்லுங்கள். இளவெயில் படும் முகத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்திருக்கும். மழைநீர் வழிந்த தாரைகள் கருத்திருக்கும். நிழல் விழுந்த பக்கத்தில் ஊதாவும் நீலமும் தெரியும். கறுப்பு வண்ணத்தை நீரில் கரைத்துப் பூசினால் அது பாறையாகாது. சாணம் மெழுகிய சுவர் போலாகிவிடும். 'பர்ன்ட் சியன்னா' என்னும் சுட்ட செம்மண் வண்ணத்தையும் 'அல்ட்ரா மரைன்' என்னும் நீலத்தையும் தாளின்மேல் ஈரத்தோடு கலக்க விடுங்கள். உயிருள்ள சாம்பல் நிறம் ஒன்று பிறக்கும். அந்த நீலத்தின் பெயருக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருள். ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் சுரங்கங்களில் கிடைத்த நீலக்கல்லை அரைத்து எடுத்த வண்ணம் அது. 1820களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில் செயற்கையாகச் செய்யக் கற்ற பிறகே எளியவர் கைக்கும் எட்டியது.

இப்போது மதிலைப் பாருங்கள். மதுரை நாயக்கர் மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605ஆம் ஆண்டளவில் எழுப்பிய கோட்டை இது. 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரரின் உதவியோடு படைக்கலச் சாலை அமைத்துத் தம் வலிமையை வளர்த்துக்கொண்டது இந்த ஊரில்தான். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் பக்கத்து விருப்பாட்சியில் தங்கி, ஹைதரின் ஆதரவோடு படைதிரட்டிச் சீமையை மீட்டதும் இந்த வரலாற்றின் பகுதியே. 1783இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். மறு ஆண்டு உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடம் திரும்பியது. 1790இல் மீண்டும் பிடித்தனர். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போயிற்று.

இதில் ஓவியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அக்காலத்து ஆங்கிலப் பொறியியல், பீரங்கிப் படை அதிகாரிகளுக்கு வரைகலை ஒரு கட்டாயப் பாடம். வூல்விச் படைக் கல்லூரியில் பால் சான்ட்பி என்னும் புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியரே 1768 முதல் 1796 வரை ஆசிரியராக இருந்தார். எந்த மதில் எத்தனை உயரம், எந்தச் சரிவில் பீரங்கியை ஏற்றலாம் என்பதை வரைந்து காட்டும் திறன் போருக்குத் தேவைப்பட்டது. போர் ஓய்ந்ததும், 1792–93இல், தாமஸ் டேனியல், அவர் தம்பியோ அண்ணனோ பெற்ற மகனான வில்லியம் ஆகிய இருவரும் தென்னாட்டைச் சுற்றி மலைக்கோட்டைகளையும் மதுரை அரண்மனையையும் பாபநாசம் அருவியையும் வரைந்து, பின்னர் லண்டனில் அச்சிட்டு விற்றனர். நம் நாட்டுக் காட்சிகளை உலகம் நெடுங்காலம் பார்த்தது அவர்கள் கண் வழியாகவே. அழகிய படங்கள்தாம், மறுப்பதற்கில்லை. எனினும் மலையடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை அதே மலையை வரையும்போது, கோட்டைக்குப் பக்கத்தில் தன் அத்தாவின் கடைக்கூரையும் வரும். தான் குளிக்கப் போன குளமும் வரும். வழிப்போக்கர் படத்தில் அவை வருவதில்லை.

அங்கிருந்து பேகம்பூருக்கு வாருங்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருப்பதால் இப்பகுதிக்கு இப்பெயர் வந்தது. அவர் பெயரால் விளங்கும் பெரிய பள்ளிவாசலை வரைய விரும்பினால் சில முறைகளைப் பேணுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் முன்னதாக அனுமதி கேளுங்கள். தொழுகை நேரத்தில் வண்ணப்பெட்டியை விரிக்காதீர்கள். தொழ வருவோரின் வழியில் அமராதீர்கள். வெள்ளைச் சுவரை வரைய ஓர் இரகசியம் சொல்கிறேன்: நீர்வண்ணத்தில் வெள்ளை என்று ஒரு வண்ணம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாளின் வெண்மையே வெள்ளை. சுவரைத் தொடாமல் விட்டுவிட்டு, அதன் பின்னுள்ள வானத்தையும், வளைவின் உட்பக்க நிழலையும் தீட்டுங்கள். சுவர் தானாகவே எழுந்து நிற்கும். எதைத் தீட்டாமல் விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இக்கலையில் பாதி.

கொண்டுபோக வேண்டியவை

சாமான்களுக்கு அதிகம் செலவிட வேண்டாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டித் தாள் சில போதும்; மெல்லிய தாள் நனைந்ததும் சுருண்டுவிடும். தாளை அழுத்திப் பிடிக்க ஓர் அட்டையும் கிளிப்புகளும், பருத்த தூரிகை ஒன்றும் மெல்லியது ஒன்றும், நீருக்கு இரண்டு டப்பாக்கள், ஒரு பழந்துணி. இரண்டு டப்பா எதற்கென்றால், ஒன்று தூரிகை கழுவ; மற்றது சுத்தமான நீர் எடுக்க. பன்னிரண்டு வில்லைகள் கொண்ட வண்ணப்பெட்டி எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். 1931ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கேம்லின்' நிறுவனத்தின் ஒட்டக முத்திரைப் பெட்டியை நம்மில் தொடாதவர் யார்? நீர்வண்ணம் என்பது பொடியாக அரைத்த நிறமும் அரபுக் கோந்தும் சேர்ந்ததுதான். அந்தக் கோந்து, நம் கண்மாய்க் கரையில் நிற்கும் கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் பிசினே.

திண்டுக்கல்லின் வெயிலுக்குத் தனிப் பாடம் உண்டு. சித்திரை வைகாசியில் தாளில் இட்ட ஈரம் நொடியில் உலர்ந்து, வண்ணத்தின் ஓரம் கோடு கட்டிவிடும். அப்போது தாளின் பின்புறத்தை நனைத்துக்கொண்டு, உள்ளங்கை அளவுப் படங்களாக வரையுங்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று தாளைப் பறித்துக்கொண்டு போகும். மார்கழி, தை மாதத்துக் காலைகளே உகந்தவை. காலை ஒன்பதரைக்குள் ஒரு படமும், அஸருக்குப் பின் ஒரு படமும் என்று வகுத்துக்கொண்டால், நிழல்கள் நீண்டு உருவங்கள் தெளிவாக இருக்கும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அந்நேரத்தை லுஹர் தொழுகைக்கும் உணவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பொழுதில் பூட்டுக் கடை ஒன்றின் ஓரத்தில் அமர்ந்து, திண்டுக்கல்லுக்கே உரிய மாங்காய்ப் பூட்டைப் பென்சிலால் வரையுங்கள். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. அரம் பிடித்துத் தேய்க்கும் தொழிலாளியின் பட்டறையில் வரைவதற்கு ஒரு நாள் போதாது.

சமவெளியின் நீலம்

மாலையில் தென்மேற்கே ஆத்தூர்ப் பக்கம் போங்கள். பழனி மலைத்தொடரின் அடியில் காமராசர் நீர்த்தேக்கம் இருக்கிறது. திண்டுக்கல் நகரம் குடிக்கும் நீரில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது. தென்னந்தோப்புகளைக் கடந்து கரையேறி நின்றால், மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி நிற்கும். அருகிலுள்ளது பச்சை, அதற்கப்பால் உள்ளது நீலம், அதற்கும் அப்பால் உள்ளது புகைபோல் வெளிறிய நீலம். மூன்றும் ஒரே மரமும் ஒரே பாறையும் கொண்டவைதாம். இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவு நீலமாகிறது. எனவே படத்தில் பின்மலையை முதலில், நிறைய நீர் கலந்து, மிக இலேசாகத் தீட்டுங்கள். அது உலர்ந்த பின் அடுத்த மலை; அதன் பின் முன்மலை. வெளிறியதிலிருந்து அடர்த்திக்கு வருவதே நீர்வண்ணத்தின் ஒழுங்கு. அடர்த்தியாகப் பூசியதைப் பிறகு வெளிற வைப்பது மிகக் கடினம்.

தென்கிழக்கே சிறுமலையை வரைய விரும்பினால், மலைமேல் ஏறுவதைவிட அடிவாரத்துச் சமவெளியில் நின்று பார்ப்பதே நல்லது. செம்மண் காடு, பனைகள், கிணற்று மேடு, அப்பால் நீண்டு கிடக்கும் மலை. பனை வரையும்போது ஓலைகளை எண்ணாதீர்கள். கொண்டையின் மொத்த வடிவத்தை ஒரே வண்ணமாக இட்டுவிட்டு, ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று ஓலைகளைத் தீட்டுங்கள். மீதியைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

மஃரிபுக்கு முன் குழுவினர் அனைவரும் தங்கள் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். யார் படம் சிறந்தது என்று சொல்ல வேண்டாம். ஒவ்வொருவரும் தாம் எதைப் பார்த்தோம் என்று மட்டும் சொல்லட்டும். பத்துப் பேர் ஒரே பாறையை வரைந்திருப்பார்கள். ஒருவர் மதிலைப் பார்த்திருப்பார், ஒருவர் நிழலை, ஒருவர் அடிவாரத்து வேப்பமரத்தை. பிறர் கண்ணால் ஒரு பொருளைப் பார்க்கப் பழகுவது குழுவாக வரைவதால் கிடைக்கும் பெரிய பயன்.

கண்ணில் படுவதை மறைக்காதீர்கள்

இவ்வளவு அழகைச் சொன்ன பின் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இடத்திலேயே அமர்ந்து வரைபவரின் கண்ணுக்கு எல்லாமே தெரியும். திண்டுக்கல்லின் தோல் தொழிலால் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. பள்ளிகளும் மதரஸாக்களும் வளர்ந்தன. அதே தொழிலின் கழிவுநீரால் சுற்றுப்புற நிலத்தடி நீர் உப்பேறியது. பல கிணறுகள் பயன்படாமற் போயின. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு, வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளையும் கருதியே எழுதப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அத்தீர்ப்பினால்தான். நம் கையால் நேர்ந்ததை நாமே பார்க்க மறுத்தால் வேறு யார் பார்ப்பார்கள்? குளத்தில் நீர் பச்சையாக நுரைத்திருந்தால் பச்சையாகவே வரையுங்கள். கரையில் குப்பை குவிந்திருந்தால் அதை நீக்கிவிட்டு அழகுபடுத்தாதீர்கள். அந்தப் படத்தின் மூலையில் ஊரின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் உங்கள் பேரப்பிள்ளை அமரும்போது, நீர் தெளிந்ததா, குளமே மறைந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது சான்றாக இருக்கும்.

நாமக்கல்லில் பிறந்த 'சில்பி', தம் காலத்துக் கோயில்களின் சிற்பங்களை அந்தந்த இடத்திலேயே அமர்ந்து, 'ஆனந்த விகடன்' இதழுக்காகப் பல்லாண்டு வரைந்தார். மதுரையைச் சேர்ந்த மனோகர் தேவதாஸ், கண்பார்வையைச் சிறிது சிறிதாகப் பறிக்கும் நோய்க்கு ஆளான பின்னும், தம் இளமைக்கால மதுரையின் தெருக்களையும் வைகையையும் கோட்டோவியங்களாக விட்டுச் சென்றார். 2022ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, மாறிப்போன ஒரு நகரத்தின் பழைய முகம் அவர் தாள்களில் பத்திரமாக இருந்தது. நம் மஹல்லாக்களை, நம் பழைய ஓட்டு வீடுகளை, பள்ளிவாசல் ஹவுளை, மையவாடியின் வேப்பமரத்தை அப்படி வரைந்து வைத்தவர் எத்தனை பேர்? இடித்துக் கட்டும் வேகத்தில் அவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன.

பெண்மக்களுக்கு ஒரு சொல்

பள்ளியில் படிக்கும் காலத்தில் நம் பெண்பிள்ளைகள் அழகாக வரைகிறார்கள். மருதாணிக் கோலத்திலும் பூவேலையிலும் அவர்களின் கைத்திறன் தெரிகிறது. பத்தாம் வகுப்போடு ஓவிய நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது. பொது இடத்தில் தனியே அமர்ந்து வரைவது அவர்களுக்கு எளிதன்று, உண்மைதான். அதற்குத்தான் குழு. உம்மா, சாச்சி, மாமி, மகள் என நான்கு பெண்கள் சேர்ந்து வந்தால், மலையடியில் ஒரு பாய் விரித்து அமர எந்தத் தடையும் இல்லை. வெளியே வர இயலாத நாளில் மொட்டைமாடி இருக்கிறது. திண்டுக்கல் நகரில் பல வீடுகளின் மாடியிலிருந்து அந்தப் பாறை தெரியும். ஒரே பாறையை மாதம் ஒருமுறை, ஓராண்டு முழுதும் மாடியிலிருந்து வரையும் பெண்ணிடம், அவ்வூரைப் பற்றி எந்த நூலிலும் இல்லாத பன்னிரண்டு பக்கங்கள் இருக்கும்.

எனவே அன்புக்குரியவர்களே, இந்த விடுமுறையில் திண்டுக்கல்லுக்குப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போங்கள். முதல் படம் நன்றாக வராது. அதைக் கிழிக்காமல் தேதி எழுதி வையுங்கள். பத்தாவது படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதோடு, கண் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதும் அப்போது உங்களுக்குத் தெரியும்.